மச்சாளின் அறை லைட்

ஒக்டோபர் 4, சனி
காலையில் வெயில், மத்தியானத்துக்குப் பிறகு மழை. கிருலப்பனையில் இருந்து கரண்ட் வேலை செய்யும் பாஸ் ஒருவன் வந்து வீடு முழுக்கப் புது ஸ்விட்ச் பூட்டினான். கண்ணாடித் தகடு, விரல் பட்டால் போதும். வெளியில் நின்றபடியே போனில் லைட்டைப் போடலாம், நூர்க்கலாம். "ஹரி மிஸ், தென் ஒக்கொம போன் எகேன்" என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தான். எல்லாம் இனிப் போனில்தானாம். ஹோல், குசினி, சாமியறை, மச்சாளின் அறை. துணி தேய்க்கும் அயனுக்கும் கேத்திலுக்கும் தனி பிளக், அதுவும் போனில். மகள் அபி என் போனில் ஏற்றித் தந்தாள். என் மனுசன் ர.வுக்கு வேண்டாமாம். "எனக்குச் சுவரில இருந்தாக் காணும்."

மச்சாள் தகட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். (இங்கே எழுதும்போது மரியாதை எதற்கு.) "நூத்ததோ இல்லையோ எண்டு இதில எப்பிடி அறியிறது சுகந்தி?"

நல்ல கேள்வி. ர.வின் அக்கா, ர.வை வளர்த்தவள், கலியாணம் கட்டாதவள். அவளுக்குத் தனி அறை. என் மகள் ஏ.எல். சோதனைக்குப் படிப்பது சாப்பாட்டு மேசையில். கேட்டால் ர. "அக்காவை எங்க விடுறது?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். தீபாவளிக்கு முன் அந்த அறை வேண்டும்.

ஒக்டோபர் 7, செவ்வாய்
மழை. வாங்க: சவர்க்காரம், கறிவேப்பிலை, அபிக்குக் கொப்பி.

மச்சாள் கடைசியாகப் பூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனாள். நான் சந்தையில் வாழைக்காய் பொறுக்கிக்கொண்டே போனில் எல்லா லைட்டையும் போட்டேன். வேலை முடிந்து முதலில் வந்தவர் ர. மச்சாளும் நானும் வர, வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"அக்கா, வீடு முழுக்க எரியுது! லைட் பில் தெரியுந்தானே?"

"நான் நூத்துப்போட்டுத்தானே தம்பி போனனான்."

பொய் சொல்லத் தெரியாத முகம். பார்க்க எரிச்சல்தான் வந்தது, இரக்கம் வரவில்லை.

ஒக்டோபர் 10, வெள்ளி
பொழுதுபட சாமியறை லைட்டைப் போட்டதும் மச்சாள் முதலில் அந்த வெளிச்சத்தைக் கும்பிடுவாள், பிறகுதான் படங்களை. கை கூப்பினாள், நான் குசினியில் நின்று போனில் நூர்த்தேன். திரும்பப் போட்டாள், கும்பிட்டாள், நூர்த்தேன். அதற்குப் பிறகு போடவில்லை. இருட்டிலேயே நின்றாள். எனக்குச் சிரிப்பு. ஃபிரிட்ஜைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டேன்.

"சுகந்தி, நான் லைட்டைப் போட்டனானோ?"

"இல்லையே மச்சாள். நீங்கள் இப்பதானே வந்து நிக்கிறியள்."

"ஓம், அதுதானே."

ர.விடம் சொன்னேன், அக்காவுக்கு மறதி கூடிக்கொண்டு போகுது என்று. பேப்பரைப் புரட்டினார். ஆனால் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒக்டோபர் 13, திங்கள்
டொக்டர். மச்சாளைக் கூட்டிக்கொண்டு போனோம். இன்றைக்கு என்ன கிழமை, எந்த மாதம், எந்த ஊர் என்று கேட்டார். எல்லாம் சரியாகச் சொன்னாள். பிறகு தானாகவே, "லைட் நூத்தது மறந்துபோகுது டொக்டர்." நான் வாயே திறக்கவில்லை. குளிசை எழுதித் தந்தார்.

இப்போது ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் முன்னால் நின்று "நூத்திட்டன், நூத்திட்டன்" என்கிறாள். கணக்குப் படிப்பித்த டீச்சர்! அபி பின்னால் நின்று அதேபோல் செய்து காட்டினாள். அதட்டியிருக்க வேண்டும். சிரித்துவிட்டேன்.

ஒக்டோபர் 16, வியாழன்
அயன். காலையில் சீலை தேய்த்து அயனை மேசைத் துணிமேலேயே விட்டவள் மச்சாள். பின்னேரம் அவள் படுத்திருக்க, ர. வந்து பார்த்தால் அயன் கொதித்து மேசைத் துணி கருகி ஓட்டை. வீடெல்லாம் புகை. நான் அந்த நேரம் சலூனில், தலையில் சாயம். போனைத் தொடவேயில்லை.

ஆக, உண்மையாகவே மூளை பிசகியிருக்கிறது. அப்பாடா. நான் இல்லாததைச் சொல்லவில்லை, கொஞ்சம் முந்திச் சொல்லியிருக்கிறேன், அவ்வளவுதான்.

மச்சாள் ர.வின் கையைப் பிடித்து அழுதாள். "என்னை எங்கையாவது விட்டிடு தம்பி. பிள்ளை இருக்கேக்க வீட்டைக் கொளுத்திப்போடுவன்." ர.வும் அழுதார். கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு முதியோர் இல்லம், எப்போதோ விசாரித்து வைத்தது. இன்றைக்குத்தான் விசாரிப்பதுபோல் போன் எடுத்தேன்.

ஒக்டோபர் 19, ஞாயிறு
மழை விட்டிருக்கிறது. நாளைக்குத் தீபாவளி, பலகாரம் ஒன்றும் இல்லை.

காலையில் கொண்டுபோய் விட்டோம். ஒரு சூட்கேஸ், ஒரு சாமிப்படம். இல்லத்தில் கொடுத்த அறையில் ஜன்னல் இல்லை, சாதாரண ஸ்விட்ச்தான். மச்சாள் அதைத் தொடப் பயந்து, யாராவது வரட்டும் என்று இருட்டில் இருந்தாள்.

பின்னேரம் அபியின் மேசையை அறைக்குள் இழுத்தோம். சந்தோசமோ என்று கேட்டேன். அவள் தன் போனில் விரலை வைத்து அறை லைட்டைப் போட்டாள்.

"உன்ர போனிலயும் இருக்கோ?"

"நான்தானே ஏத்தினனான். நீங்கள் லைட்டை மட்டும் வைச்சு விளையாடிக்கொண்டு இருந்தனீங்கள் அம்மா. அதுக்கெல்லாம் அப்பா அசையமாட்டார். அதுதான் அயனை நான் போட்டனான்."

"மாமி உள்ள படுத்திருக்கேக்கயோ?"

"ஓம். இல்லாட்டி ஆர் நம்புவினம்?" புத்தகத்தை விரித்தாள். "கதவைச் சாத்திப்போட்டுப் போங்கோ, படிக்க வேணும்."

சாத்திவிட்டு வந்தேன். சோறு ஆறுகிறது. சாப்பிடக் கூப்பிட வேண்டும். என் பிள்ளையைக் கூப்பிட எனக்குப் பயமாக இருக்கிறது.