வயலின் நிற்கும் இடம்

நெல்லித்தோப்பு, புதுச்சேரி

அன்புள்ள அம்மாவுக்கு,

பூர்ணிமா வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வீக்கம் வடிந்ததா? நான் நலம். போனில் எனக்குப் பேச்சு வருவதில்லை, அதனால் எழுதுகிறேன்.

பெரிய வெள்ளிக்கு சர்ச் பாடகர் குழுவோடு வயலின் வாசிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். இயேசு சிலுவையில் இறந்த கதையைப் பாட்டாகச் சொல்லும், பாக் என்ற ஜெர்மன்காரரின் இசை. இயேசுவாகப் பாடுபவர் பாடும்போதெல்லாம் வயலின்கள் கூடவே வரும். சிலுவையில் அவர் "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று கேட்கும் இடத்தில் மட்டும் நின்றுவிட வேண்டும். நேற்று ஒத்திகையில் எல்லோரும் நிறுத்தினார்கள். நான் கச்சேரிப் பழக்கத்தில் பாடகர் பின்னாலேயே போய்விட்டேன்.

குழுவை நடத்தும் அந்துவான் சார், "அங்க கடவுளே கூட இல்லம்மா. அவரைத் தனியா வுட்டுடணும்" என்றார்.

"பாடுறவங்கள நடுவுல தனியா விட்டா எங்க வாத்தியார் வில்லாலயே அடிப்பாரு சார்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

அடுத்த முறை சரியாக நிறுத்திவிட்டேன். ஒன்றும் தோன்றவில்லை. அப்பா போனதிலிருந்து எதற்குமே ஒன்றும் தோன்றுவதில்லை. கவலைப்படாதே, நேரத்துக்குச் சாப்பிடுகிறேன்.

திருநெல்வேலியிலிருந்து இங்கே வரும் பஸ்ஸில் பருப்புப்பொடி கொடுத்துவிடு. அப்புறம், சாயங்காலம் நான் போன் செய்தால் எடுத்து அடுப்படியில் வைத்துவிடு. பேச வேண்டாம். நீ பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டால் போதும்.

ஒத்திகைக்கு நேரமாகிவிட்டது.

உன் பூர்ணிமா