“சரிங்கத்த” என்றாயாமே

மூலக்குளம்,
சனிக்கிழமை மதியம்.

அன்புள்ள நிர்மலாவுக்கு,

இங்கே எல்லாரும் இருக்கிறோம். நீ உடம்பைப் பார்த்துக்கொள்கிறாயா? போனில் ஹலோ சொன்னதுமே நீ அழ ஆரம்பித்துவிடுகிறாய். நானும் சொல்ல வந்ததை விட்டுவிட்டு, உன்னைத் தேற்றிப் போனை வைத்துவிடுகிறேன். உன்னோடு ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை பார்க்கும் கொளஞ்சி அக்கா லீவு முடிந்து இன்று மாஹேவுக்கு ரயில் ஏறுகிறார்கள். அவர்களிடம் கொடுத்தனுப்பத்தான் இதை எழுதுகிறேன். அப்பாவும் அம்மாவும் இப்போதுதான் கண்ணயர்ந்தார்கள்.

அப்பாவைக் கோரிமேட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். வலது கையும் காலும் இன்னும் அசையவில்லை. பேச்சு குழறுகிறது. ஆனால் ஆள் அடையாளம் தெரிகிறது, கஞ்சி இறங்குகிறது. நீ சொன்னபடி அடிக்கடி புரட்டிப் படுக்க வைக்கிறோம். முதுகில் புண் வரவில்லை.

புரட்டிப் புரட்டி அம்மாவுக்குத்தான் இடுப்பு விட்டுப்போய்விட்டது. போன ஞாயிறு பெரியப்பா வந்தபோது, “ஊர்ல இருக்கற நோயாளியெல்லாம் பாக்குறா, கட்டுன வூட்டு மாமனாரப் பாக்க ஆளு இல்லியா?” என்று கேட்டிருக்கிறார். நான் மருந்து வாங்கப் போயிருந்த நேரம். அம்மா உடனே உனக்குப் போன் போட்டு வேலையை விட்டுவிட்டு வரச் சொன்னதையும், நீ “சரிங்கத்த” என்று ஒரே வார்த்தையில் ஒப்புக்கொண்டதையும் தங்கச்சி அமுதவல்லி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். திங்கட்கிழமை ராஜினாமா கொடுக்கப்போகிறாயாம்.

அம்மாவோடு சண்டை போடத்தான் போனேன். அடுப்படியில் உட்கார்ந்து இடுப்புக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். “தூக்கிப் புரட்ட எனக்கு ஒரு ஆளு வேணும்டா. வேற யாரக் கேப்பேன்?” என்றாள். அதற்கு மேல் எனக்குச் சண்டை வரவில்லை. தைலத்தை வாங்கித் தேய்த்துவிட்டேன்.

கம்பெனியில் கெஞ்சிக் கேட்டு நைட் ஷிப்ட் வாங்கிக்கொண்டேன். பகலில் அப்பா என் பொறுப்பு. ராத்திரிக்கு அமுதவல்லியின் வீட்டுக்காரர் வடிவேல் அரியாங்குப்பத்திலிருந்து வந்து படுத்துக்கொள்கிறார். முதல் நாள் உடம்பு துடைத்துவிட்டபோது அப்பா வெட்கப்பட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நானும் அவர் முகத்தைப் பார்க்காமலே துடைத்து முடித்தேன். இப்போது இரண்டு பேருக்கும் பழகிவிட்டது. நேற்று அம்மா கதவோரம் நின்று பார்த்துவிட்டு, “பரவால்ல, நல்லாத்தான் செய்யிற” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே, “அந்தப் பொண்ண வேலைய வுட வாணாம்னு சொல்லு. எனக்கு அவகிட்ட பேச வாய் வரல, நீயே சொல்லிடு” என்றாள். சொல்லிவிட்டு நிற்காமல் உள்ளே போய்விட்டாள்.

தூக்கம்தான் கிடைக்கவில்லை. பஸ்ஸில் நின்றபடியே கண் மூடிவிடுகிறது. இந்த நேரத்தில் நீ பக்கத்தில் இருந்தால் தேவலை என்று தோன்றாத நாளில்லை. பொய் சொல்லமாட்டேன். ஆனால் கல்யாணமான புதிதில் உனக்கு இந்த வேலைக்கான ஆர்டர் வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடக்கூட மறந்து சிரித்துக்கொண்டிருந்தாய். அந்தச் சிரிப்பைப் பறித்துக்கொண்டு உன்னை இந்தக் கட்டிலோரம் உட்காரவைத்தால், பிறகு நான் எந்த முகத்தோடு உன் பக்கத்தில் உட்காருவேன்?

அதனால் திங்கட்கிழமை எதையும் கொடுக்காதே. அத்தைக்கு நீயே ஒரு போன் போடு, அவள் காத்திருக்கிறாள். புதுச்சேரிக்கு டிரான்ஸ்பர் கிடைக்கும்போது கிடைக்கட்டும்.

டீ குடித்துவிட்டுச் சூடு ஆறாத டம்ளரைக் கன்னத்தில் வைத்துக்கொள்வாயே, அதைப் பார்க்க எனக்கும் அவசரம்தான். நேரத்துக்குச் சாப்பிடு. லீவு கிடைத்தால் உடனே வா. வேலையை விட்டுவிட்டு மட்டும் வராதே, நிர்மலா.

உன்,
செம்மல்