மருந்தில்லாத ஊசி

மார்ச் 3, செவ்வாய்

வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. கடையில் குளூக்கோஸ் பாக்கெட் தீர்ந்தது. முதலாளியிடம் சொல்ல வேண்டும்.

சைக்கிள் கடை மாடியில் அக்குபங்சர் என்று புது போர்டு. பாண்டிச்சேரியிலிருந்து ஒருவர் செவ்வாய், வெள்ளி வருகிறாராம். மருந்தில்லாத வெறும் ஊசியாம். பதினோரு வருடமாக மெடிக்கல் ஷாப்பில் நிற்கிறேன், இப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதில்லை. முட்டிவலிக்குப் போடட்டும். மனசுக்கும் போடுவாராம்! இனி இவர் ஊ.கா. (ஊசிக்காரர்).

அக்காவின் வீட்டுக்காரர், அதான் மாமா, அவளை அங்கே அழைத்துப்போகிறேன் என்கிறார். ஆறு வருடத்துக்கு முன் அக்கா மூன்று நாள் தூங்காமல் பேசிக்கொண்டே இருந்தாள். பிறகு இரண்டு மாதம் வாயே திறக்கவில்லை. பாண்டிச்சேரி டாக்டர் மாத்திரையில்தான் எழுந்தாள். மாதாமாதம் நான்தான் வாங்கித் தருகிறேன்.

"மாத்திரை அது பாட்டுக்கு இருக்கட்டும் மாப்ள, இதையும் பாத்துடலாம்."

"இன்னா மாமா, ஓட்டலா இது, ரெண்டு அயிட்டம் சொல்றதுக்கு? ஊசின்னா ஊசி, மாத்திரைன்னா மாத்திரை. ரெண்டும் சேர்ந்து ஆவாது."

அக்கா காதில் விழட்டும் என்றே கத்தினேன். பயந்து ஊசியை விட்டுவிடுவாள் என்று நினைப்பு. கடைக்கு வருகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன், நாட்டு மருந்து ஓடும்போது இங்கிலீஷ் மருந்து தொடாதே என்று.

மார்ச் 6, வெள்ளி

மாமாவும் அக்காவும் போகிறார்கள் என்று நானும் போனேன். வேவு பார்க்கத்தான். காதில் இரண்டு, மணிக்கட்டில் ஒன்று, நெற்றியில் ஒன்று. ரத்தம் இல்லை. அக்கா இருபது நிமிடம் கண்ணை மூடிக் கிடந்தாள்.

சந்தேகங்கள்:
ஊசியைக் கொதிக்க வைத்தாரா? குக்கர் இருந்தது, தொட்டுப் பார்த்தேன், சூடு இல்லை.
சுவரில் சர்டிபிகேட், எல்லாம் சீன எழுத்து. யார் படிப்பது?
ஏன் இவ்வளவு மெதுவாகப் பேசுகிறார்?

கிளம்பும்போது, "மாத்திரையை வழக்கம்போலச் சாப்பிடுங்கம்மா" என்றார். என் எதிரில் நல்லபிள்ளை வேஷம்.

மார்ச் 11, புதன்

மதியம் அக்கா வீட்டில் சாப்பாடு. கத்திரிக்காய்க் குழம்பு, உப்பு தூக்கல். அக்கா பளிச்சென்று இருக்கிறாள். விடிவதற்குள் வீடு மெழுகி, பரண் துடைத்து, எல்லாப் புடவையையும் துவைத்துவிட்டாளாம். பக்கத்து வீட்டம்மாவிடம் மூச்சுவிடாமல் பேச்சு.

மாமாவுக்கு வாயெல்லாம் பல். "பாத்தியா மாப்ள, ஊசி வேலை செய்யுது."

இந்தப் பளிச்சை நான் முன்பு ஒரு தடவை பார்த்திருக்கிறேன்.

"தூங்குறியாக்கா?"

"நல்லா தூங்குறேன்டா."

மார்ச் 13, வெள்ளி

அவர்கள் ஊசிக்குப் போன நேரம் பார்த்து அக்காவின் சமையலறையைத் துழாவினேன். வெட்கமாகத்தான் இருந்தது. அரிசி டின்னுக்குள் இந்த மாதத்து மாத்திரை அட்டைகள், ஒன்றுகூடப் பிய்க்காமல்.

அட்டைகளோடு நேராக சைக்கிள் கடை மாடி. அக்கா காதில் ஊசியோடு படுத்திருந்தாள். மாமா பெஞ்சில்.

"என் எதுர்ல ஒண்ணு, பின்னால ஒண்ணா? மாத்திரைய நிறுத்தச் சொன்னது நீதானே?" மரியாதையெல்லாம் பறந்துவிட்டது.

ஊ.கா. திருப்பிக் கத்தவில்லை. அட்டைகளை வாங்கிப் பார்த்தார். முகம் வெளுத்துப்போனது. "யாரும்மா நிறுத்தச் சொன்னாங்க?"

அக்கா படுத்தபடியே என்னைக் காட்டினாள். "இவன்தான் சார். ரெண்டும் ஆவாதுன்னான். மருந்துக் கடையில கீறவன், தெரியாமலா சொல்லுவான்?"

மாமா என்னைப் பார்க்கவில்லை. கீழே சைக்கிளுக்குக் காற்றடிக்கும் சத்தம். செத்துவிடலாம் போல இருந்தது.

ஊ.கா. ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்தார். "இப்பவே பாண்டிக்குக் கிளம்புங்க" என்றார். அடுத்த பஸ் எப்போது என்றும் அவரே சொன்னார்.

மார்ச் 14, சனி

நேற்றே போய் வந்தோம். பாண்டிச்சேரி டாக்டர் மாமாவைத் திட்ட ஆரம்பித்தார். நான்தான் சார் என்றேன். மாத்திரை மறுபடி ஆரம்பம். ஊசி பற்றி மாமா கேட்டார். "புடிச்சிருந்தா போகட்டும், மாத்திரை மட்டும் நிக்கக் கூடாது."

கடைக்கு லீவு சொல்லவில்லை. முதலாளி உர்ர்.

மார்ச் 24, செவ்வாய்

புழுக்கம். கரண்ட் இல்லை.

அக்காவின் பேச்சு அடங்கிவிட்டது, ரொம்பவே அடங்கிவிட்டது. மாமாவுக்கு மல்லாட்டை மூட்டை லோடு ஏற்றும் வேலை. அதனால் நானே மாடிக்கு அழைத்துப்போனேன். ஊசியில் எனக்கு இன்னமும் நம்பிக்கை இல்லை. குக்கரையும் தொட்டுப் பார்த்தேன். இன்று சூடாக இருந்தது.

ஊ.கா. ஊசிகளை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். "தூக்கம் எப்படிம்மா?"

"இல்ல சார். ரெண்டு மணி நேரம் வந்தா பெருசு. கெணத்துப் பக்கம் போவணும்னு தோணிக்கினே இருக்குது."

காலையில் என்னிடம் நல்லா தூங்கினேன் என்றவள். ஊ.கா. என்னைப் பார்த்தார். நாளைக்கே டாக்டரிடம் இதைச் சொல்லுங்கள், அதுவரை தனியாக விடாதீர்கள் என்றார்.

வழியில் கேட்டேன், ஏன் என்கிட்ட சொல்லல என்று.

"சொன்னா உன் மூஞ்சி மாறிடுதுடா. மாத்திரை சாப்டியான்னு கத்துற. அவரு சும்மா உக்காந்துனு கேக்குறாரு."

அவள் கைப்பையை வாங்கிக்கொண்டு கூடவே நடந்தேன்.

மாமா வரும்வரை அக்கா வீட்டிலேயே இருக்கிறேன். அங்கிருந்துதான் எழுதுகிறேன். சற்று முன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். முகத்தை அசைக்காமல் வைத்துக்கொண்டு கேட்டேன். "கெணத்துப் பக்கம் போவணும்னு இப்பவும் தோணுதாக்கா?"

"தோணுது" என்றாள்.

கத்தவில்லை.