உள் ஓரம் தேய்ந்த டயர்

தையல்,

பால் காய்ச்சி மூடி வைத்திருக்கிறேன். ஒன்பது மணிக்கு உன் அண்ணன் சோழவரம் ரேஸுக்குக் கிளம்ப ஃபியட் சாவி கேட்பார். நான் எடுத்துப் போய்விட்டேன் என்று சொல். இரும்புலியூரில் என் சிநேகிதன் ஞானையா வீட்டில் இருப்பேன். அதை மட்டும் சொல்லாதே.

நேற்று உன் அண்ணன், "டயர் புதுசாட்டம் கீது, மாப்ளைக்குத்தான் பயம்" என்றபோது நீயும் சிரித்தாய். அவர் பார்த்தது வெளி ஓரம். அவர் சொன்னாரென்று நான்தான் ஸ்பிரிங்கை வெட்டி வண்டியைத் தாழ்த்தினேன். அதில் முன்சக்கரங்களின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்துவிட்டது. உன் செருப்பு குதிகாலில் ஒரு பக்கமாய்த் தேயுமே, அதேதான். டயர் முழுசாகத் தரையில் பதியாமல், உள் ஓரமே பாரம் முழுவதையும் தாங்குகிறது. நம்பாவிட்டால் சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டுத் தடவிப் பார், ரப்பர் தேய்ந்து உள்ளிருக்கும் நூல் நெருடும். நூறு கிலோமீட்டர் வேகத்தில் அது வெடித்தால் அண்ணன் மிஞ்சமாட்டார்.

அவர் வீட்டில் தங்கி, அவர் ஷெட்டிலேயே வேலை பார்த்துக்கொண்டு, நேருக்கு நேர் மறுக்க எனக்கு வாய் வரவில்லை.

ராஜகோபால்

பி.கு.: அரிசி டப்பாவில் இருந்த மாற்றுச் சாவியையும் எடுத்துக்கொண்டேன். சாயங்காலம் வந்து திட்டு வாங்கிக்கொள்கிறேன். வேறு எந்த வீட்டுக்குப் போவேன்?