பல் செட்டுக்காரரின் பை

செவ்வாய்க்கிழமை, காலை

அன்புள்ள சிட்டுவுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். மாற்றல் வாங்கிக்கொண்டு நீ போய் நாலு மாதமாகிறது. போனை எடுப்பதில்லை, இருக்கும் முகவரியும் சொல்லவில்லை, அதனால் உன் தங்கை வீட்டு முகவரிக்குக் கடிதம். அவள் உன்னிடம் சேர்ப்பாள்.

வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்காதே என்று அக்கா பிடித்துத் தள்ளியதில், இருபது நாள் லீவு போட்டு, முதுகில் ஒரு பையைக் கட்டிக்கொண்டு இந்த மலை ஊருக்கு வந்திருக்கிறேன். சிரிக்காதே. பை காற்று மாதிரி இருக்கும் என்று கடைக்காரன் சொன்னான். முதல் மேட்டிலேயே தோள் இரண்டும் சிவந்து தடித்துவிட்டன. தங்குவது எட்டுப் பேர் அறை, அடுக்குக் கட்டில். எனக்கு மேல்தட்டு. ஏணியில் ஏறும்போது ஏணியும் முழங்காலும் சேர்ந்து முனகுகின்றன.

நல்லதையும் சொல்ல வேண்டும். முந்தாநாள் தன்னந்தனியாக மூன்று மணி நேரம் நடந்து அருவி வரைக்கும் போனேன். இங்கே மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து, காயப்போட்ட காலுறையை மறுபடி நனைத்துவிட்டுப் போகிறது. நீ பார்த்தால் கைதட்டுவாய்.

ஆனால் இந்த ஊர் எனக்குப் பிடிபடவில்லை. கடைகள் பத்து மணிக்குத்தான் திறக்கின்றன. பஸ் எப்போது என்று கேட்டால், வரும்போது வரும் என்கிறார்கள். முதுகுப் பையோடு வந்தவர்கள் மாதக்கணக்கில் வராந்தாவில் உட்கார்ந்து புத்தகம் படிக்கிறார்கள். யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. இவ்வளவு நிம்மதியாக இருப்பவர்கள் எதையாவது மறைக்கத்தான் செய்வார்கள். போல்ட் கம்பெனியில் இருபது வருஷமாகக் குறை பார்ப்பவன் நான், எனக்குத் தெரியாதா? முனைக் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். கொதித்த தூளையே திரும்பக் கொதிக்க வைக்கிறார் என்று தோன்றியது. நேற்றோடு அங்கே போவதை நிறுத்திவிட்டேன்.

எனக்குக் கீழ்த்தட்டில் இருப்பவர் ஒரு நெட்டை மனிதர், ஐம்பது வயதிருக்கும். பேசும்போது என் கண்ணைப் பார்க்காமல் வாயையே பார்க்கிறார். என்ன தொழில் என்றால், சின்ன வேலைதான் என்று நழுவுகிறார். துண்டில் சுற்றிய ஏதோ ஒன்றைப் பைக்குள் வைத்திருக்கிறார், ஆள் வந்தால் உள்ளே தள்ளிவிடுகிறார். என் காமிராவைப் பார்த்து நல்ல காமிரா என்றார். ஏன் சொல்ல வேண்டும்?

வேளைக்குச் சாப்பிடுகிறாயா? ஞாயிற்றுக்கிழமை போன் போட்டபோது நாற்பது நிமிஷம் லைன் பிஸியாகவே இருந்தது, வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தாய். யாரோடு என்று கேட்கவில்லை. உன் தங்கையாகத்தான் இருக்கும். அவளிடம் கேட்டேன், தான் இல்லை என்றாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
உன் கணவன்


திங்கட்கிழமை, மத்தியானம்

அன்புள்ள சிட்டுவுக்கு,

முதல் கடிதம் உனக்குக் கிடைத்திருக்கும். அதைத் தபாலில் போட்டுவிட்டு வந்து பார்த்தால் காமிராவைக் காணோம். நீ வாங்கித் தந்த அதே காமிராதான்.

எனக்கு ஒரு நிமிஷம்கூட யோசிக்கத் தோன்றவில்லை. நேராக விடுதிக்கார அம்மாவிடம் போய், கீழ்க்கட்டில்காரர் பையைச் சோதிக்க வேண்டும் என்றேன். அந்த அம்மா அசையவில்லை. "நீங்க சொல்றீங்கங்கிறதுக்காக இன்னொருத்தர் பைய நான் தொட மாட்டேன்" என்றார். நான் குரலை உயர்த்தினேன். வராந்தாவில் இருந்தவர்கள் புத்தகத்தை மூடிவிட்டு வாசலில் வந்து நின்றார்கள்.

அந்த நெட்டை மனிதர் என்னோடு சண்டை போடவில்லை. தானே பையை எடுத்துக் கட்டிலில் வைத்து, ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். காலர் திருப்பித் தைத்த இரண்டு சட்டை. கட்டைவிரல் பக்கம் ஒட்டுப்போட்ட காலுறை. பேப்பரில் மடித்த பாதி சோப்பு. மூல வியாதிக்கான களிம்பு. அதை எடுக்கும்போது மட்டும் கை கொஞ்சம் தயங்கியது. கடைசியில் துண்டைப் பிரித்தார். உள்ளே சுண்ணாம்பு நிறத்தில் ஒரு பல் வரிசை, அச்சு. பல் செட் செய்வதுதான் அவர் தொழிலாம். அவருடைய அம்மாவுக்கான அச்சு அது. அவசரமாகச் செய்து கொடுத்தால் அம்மாவுக்கு வாய் புண்ணாகிவிடும் என்று, ஓய்வாக உட்கார்ந்து பார்க்க எடுத்து வந்திருக்கிறார். தொழிலைச் சொன்னால் எல்லோரும் வாயைப் பொத்திக்கொள்கிறார்களாம், அதனால் சொல்வதில்லையாம்.

"இப்ப திருப்தியா சார்?" என்று கேட்டார்.

சரி என்றுதான் சொன்னேன். ஆனால் என் கண் அவருடைய பேன்ட் பாக்கெட்டுக்குப் போனது. அதை அவர் பார்த்துவிட்டார். இரண்டு பாக்கெட்டையும் வெளியே இழுத்துக் காட்டினார். எட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருக்க, அந்தப் பாக்கெட் துணி இரண்டு பக்கமும் தொங்க நின்றார், சிட்டு. அப்போதுகூட என் மனம் என்ன சொன்னது தெரியுமா? வேறெங்கோ ஒளித்துவிட்டார், கெட்டிக்காரர் என்றது.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அவர் போய்விட்டார். பயந்து ஓடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

நேற்று மழைக்கு ஒதுங்க இடமில்லாமல் முனைக் கடைக்குள் நுழைந்தேன். என்னைப் பார்த்ததும் டீக்கடைக்காரர் பிஸ்கட் டப்பாவுக்குப் பின்னாலிருந்து காமிராவை எடுத்தார். "ஆறு நாளா உங்களைத் தேடுறேன், எங்க போனீங்க?" என்றார். ஈரம் படாமல் பாலிதீன் பையில் போட்டுக் கட்டி வைத்திருந்தார். கடைசியாக டீ குடித்த அன்று நானே பெஞ்சில் வைத்துவிட்டுப் போயிருக்கிறேன். வாங்கியதும் என்ன செய்தேன் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். உள்ளே படங்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று அவர் முன்னாலேயே பார்த்தேன்.

பஸ் நிலையத்துக்கு ஓடினேன். அவர் எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. விடுதிக்கார அம்மாவிடம் பதிவு நோட்டைக் கேட்டேன். இனி அவருடைய முகவரி உங்களுக்கு எதுக்கு என்று தர மறுத்துவிட்டார். அவர் சொன்னது நியாயம்தான்.

அந்தப் பாக்கெட் துணியை நான் முன்பே பார்த்திருக்கிறேன், சிட்டு. நம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில். நீ போனைத் தந்தாய், நான் முழுக்கப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அழித்துவிட்டாய் என்றேன். நீ கைப்பையை மேஜைமேல் கவிழ்த்தாய். சீப்பு, பஸ் பாஸ், தலைவலி மாத்திரை எல்லாம் உருண்டு விழுந்தன. அப்போது உன் முகத்தை நான் பார்க்கவில்லை. சாமான்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவரிடம் மன்னிப்புக் கேட்க வழியில்லை. உன்னிடம் கேட்கிறேன். திருந்திவிட்டேன் என்று எழுதினால் பொய். இதை எழுதும்போதுகூட, இதை நீ யாருக்குப் படித்துக் காட்டுவாய் என்ற நினைப்பு வருகிறது. வரட்டும். காட்டினால் காட்டிக்கொள். அந்த நினைப்பின் பேச்சை இனி கேட்கமாட்டேன், அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.

நீ நன்றாக இருக்க வேண்டும். யாரோடு பேசினாலும் சிரித்துப் பேசு. முடிந்தால் இரண்டு வரி பதில் போடு. உறையின் பின்னால் நீ இருக்கும் முகவரி எழுத வேண்டாம். தபால் முத்திரையையும் பார்க்கமாட்டேன்.

அன்புடன்,
உன் கணவன்