கடல் காற்று என்று சொன்னேன்

கொமோதோரோ ரிவதாவியா,
ஜூலை 14

அன்புள்ள உனக்கு,

நம் வீட்டுக்கு மேற்கே இருக்கும் எண்ணெய்க் கிணற்றை நிறுத்திப் பன்னிரண்டு நாளாகிறது. நூறு பீப்பாய் எடுத்தால் தொண்ணூற்றேழு வெறும் தண்ணீராம். எண்ணெயெல்லாம் வடக்கே, நீ வேலைக்குப் போன புது வயலில்தானாம். ஆள் வந்தான், பூட்டினான், போய்விட்டான்.

அப்பாவிடம் நான் சொல்லவில்லை. முப்பது வருஷம் அந்தக் கிணற்றைக் கவனித்தவர். படுக்கையில் விழுந்த பிறகு, பம்ப் தலையாட்டும் சத்தத்தைக் கேட்டால்தான் தூங்குவார்.

"சத்தத்தையே காணோமே, புள்ள?"

"காத்து கடல் பக்கமிருந்து அடிக்குதுப்பா. அதான் கேக்கல."

மேற்குக் காற்று ஓயாத ஊரில் இப்படி ஒரு பொய். தினமும் கேட்டார். தினமும் அதையே சொன்னேன். "சரி" என்று கண்ணை மூடிக்கொள்வார்.

நேற்று மாத்தே டீ கொடுக்கப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். "பதினோரு நாளா கடல் காத்து அடிக்கிற ஊரா இது? நிறுத்திட்டாங்கன்னு மொத நாளே தெரியும், புள்ள."

"அப்புறம் ஏம்ப்பா சரி சரின்னீங்க?"

"நீ அவ்வளவு கஷ்டப்பட்டுச் சொல்ற. நம்பாம என்ன செய்ய?"

கெட்டிலை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை போனில், எப்போது வருவாய் என்று கேட்டேன். "இங்க ஒரே காத்து, நீ பேசுறது எதுவும் கேக்கல" என்றாய். உன் பக்கத்தில் யாரோ தட்டில் கரண்டி வைக்கும் சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

நானும் சரி என்றுதான் சொன்னேன்.

இன்னும்
உன் மனைவி