முப்பத்தொரு சிவப்பு வீடுகள்

மார்ச் 4, செவ்வாய்

கிடங்கின் தெற்குச் சுவரில் மூன்றாவது ஜன்னலும் இன்று திறந்துவிட்டது. தச்சர் பலகையைப் பெயர்த்ததும் இருபது வருட நூல்தூசி வெளிச்சத்தில் எழுந்து நின்றது. தையற்கார அக்கா துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "வெளிச்சம்தானே கேட்டேன் தங்கச்சி, தூசியில குளிப்பாட்டச் சொன்னேனா?" என்றாள். கட்டுமானச் சத்தத்தையும் மீறிச் சிரித்தோம்.

மூடிப்போன நூல் ஆலையின் கிடங்கு இது. எங்கள் வடிவமைப்புக் குழுவில் மூன்றே பேர்: நெட்டை, தச்சர், நான். கிடங்கைப் பட்டறைகளாகப் பிரித்து, பின்னால் இருக்கும் வரிசை வீட்டுக்காரர்களே தொழில் நடத்தும்படி செய்வது என்று இரண்டு வருடமாக இழுத்துக்கொண்டிருக்கிறோம். எந்தப் பட்டறை எங்கே, தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம், சத்தம் போடும் தொழில் யாருக்குப் பக்கத்தில் – எல்லாம் ஞாயிறு கூட்டத்தில் அவர்கள்தான் முடிவு செய்கிறார்கள். கை தூக்கி. சில ஞாயிறுகளில் கை ஓங்கியும்.

போன வாரம் ஒரு விதி போட்டார்கள். வரிசையில் முகவரி உள்ளவர்களுக்கு மட்டும்தான் பட்டறை. வெளியாள் யாரும் பணத்தைக் காட்டி உள்ளே நுழைந்துவிடக் கூடாதாம். நல்ல விதி. நானும் கை தூக்கினேன்.

மார்ச் 9, ஞாயிறு

வரிசை வீடுகளின் வரைபடம் முடிந்தது. நான்கு மாதம்! ஐம்பத்தெட்டு வீடு. ஏறி இறங்கியே செருப்பு தேய்ந்துவிட்டது.

பச்சை – நல்ல நிலையில் இருக்கிறது. மஞ்சள் – ஆள் இல்லாமல் பூட்டிக் கிடக்கிறது. சிவப்பு – சுவரிலோ கூரையிலோ விரிசல், முதலில் பழுது பார்க்க வேண்டியது. சிவப்பு மட்டும் முப்பத்தொன்று.

ஆரம்பத்தில் யாரும் விரிசலைக் காட்டவில்லை. காலண்டர் தொங்கும், துணி தொங்கும், பின்னால் என்ன என்று கேட்டால் பேச்சை மாற்றுவார்கள். முதலில் காட்டியது தையற்கார அக்காதான். அவளே பீரோவை நகர்த்தினாள். தரையிலிருந்து உத்தரம்வரை, விரல் நுழையும் அகலத்துக்கு ஒரு கோடு. "உன்கிட்டதான் காட்டறேன் தங்கச்சி. பக்கத்து வீட்டுக்காரிக்குக்கூடத் தெரியாது." அவள் காட்டியபிறகு மற்றவர்களும் காட்டினார்கள். கிடங்கு வேலை முடிந்ததும் இந்த வீடுகளைத்தான் எடுக்கப்போகிறோம் என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னேன்.

மூலையில் 'அளந்து வரைந்தவர்' என்று எழுதி என் பெயரைப் போட்டேன். கொஞ்சம் பெரிதாகவே போட்டேன். சந்தோஷமாக இருந்தது.

மார்ச் 26, புதன்

கிடங்கு விஷயமாக நெட்டை நகராட்சிக்குக் கிளம்பினான். வரைபடத்தை நானே சுருட்டிக் குழாயில் போட்டுக் கொடுத்தேன். "எடுத்துட்டுப் போய்க் காட்டுடா, எப்பிடி வந்திருக்கு பாருங்கன்னு சொல்லு" என்றேன்.

ஏப்ரல் 2, புதன்

கிடங்கை இடிக்க மாட்டார்களாம்! எழுத்துமூலமாகவே வந்துவிட்டது. ஆலை நிலம் முழுக்க இடித்துத் திரும்பக் கட்டப்போவதாக நகராட்சி ஒரு வருடமாக மிரட்டிக்கொண்டிருந்தது. இனி பயமில்லை. தச்சர் உளியைக் கீழே வைத்துவிட்டு நெட்டையைத் தூக்கியே விட்டார். ரேடியோக்காரர், வரிசையின் முதல் வீட்டில் பழைய ரேடியோக்களைப் பிரித்து மாட்டிக்கொண்டிருப்பவர், இருக்கிற ரேடியோ எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பாட விட்டார். காது கிழிந்தது.

நெட்டை மட்டும் உட்காரவே இல்லை. டீ ஆறிப்போய் ஏடு படிந்தது. உடம்பு சரியில்லையோ.

ஏப்ரல் 24, வியாழன்

எழுத வரவில்லை.

காலையில் முப்பத்தொரு கதவுகளில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். 'வசிக்கத் தகுதியற்ற, ஆபத்தான கட்டடம். காலி செய்யவும்.' ஒவ்வொன்றோடும் ஒரு நகல். என் வரைபடம். கறுப்பு வெள்ளையில் எடுத்ததால் சிவப்பு எல்லாம் கறுப்பாக விழுந்திருக்கிறது. மூலையில் என் பெயர் மட்டும் தெளிவாக இருக்கிறது.

தையற்கார அக்கா காகிதத்தைக் கிழிக்காமல் பசையோடு மெதுவாக உரித்து எடுத்துக்கொண்டு கிடங்குக்கு வந்தாள். கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"மேடம், இது நீங்க போட்ட படம்தானே?"

மேடம்.

ஏப்ரல் 25, வெள்ளி

நெட்டையும் நானும் பதினாறு வருடமாகச் சேர்ந்து வேலை செய்கிறோம். படிக்கும்போது ஒரே பெஞ்ச். இவரைக் கல்யாணம் செய்வதற்கு முன்பே அவனைத் தெரியும். அவனிடம் கேள்வி கேட்க இத்தனை நேரம் வாசலில் நிற்பேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

"தெரிஞ்சேதான் குடுத்தியா?"

"கிடங்கையும் சேர்த்து எடுக்கப் போறதா சொன்னாங்க. வீடுங்களோட விவரம் குடுத்தா கிடங்கை விட்டுடறோம்னாங்க. குடுத்தேன்."

"அது நம்ம படமே இல்லடா. அவங்க நம்பிக் காட்டினது."

"எனக்கு மட்டும் ஆசையா? ரெண்டும் போகட்டும், நாம நல்லவங்கன்னு பேர் எடுத்துட்டு வீட்ல உக்காந்திருக்கலாம்ங்கறியா? ஒண்ணாவது நிக்குதில்ல?"

"அதை முடிவு பண்ண நீ யாரு?"

"நீதானே காட்டுன்னு குடுத்தே" என்றான்.

ஆமாம். நான்தான் கொடுத்தேன். பெருமையில் கொடுத்தேன். அவன் செய்தது வேறு, நான் செய்தது வேறு. ஆனால் கதவில் ஒட்டியிருப்பது ஒரே காகிதம்தானே?

ஏப்ரல் 27, ஞாயிறு

கூட்டம். அறுபது நாற்காலி. வந்தது தச்சரும் நானும்.

மே 1, வியாழன்

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இவர் நூலகர். எதையும் முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் வாய் திறப்பார். விசாரணை ஒன்று வைத்திருக்கிறார்கள், பன்னிரண்டாம் தேதி, ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம் என்று போட்டிருக்கிறது, ஆனால் நான் பேசினால் குழு உடையும், நெட்டையை எல்லோர் முன்னாலும் காட்டிக் கொடுத்த மாதிரி ஆகும் – புலம்பிக்கொண்டே போனேன்.

"படத்துல பேர் யாருது?"

"என்னுது."

"அப்போ நீதான் போகணும். வேற யாரு போவா?"

கோபம் வந்தது. சொன்னது சரி என்பதால் இன்னும் அதிகமாக வந்தது. மகள் கணக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்கி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பதினொரு வயது. எல்லாம் புரிகிறது அவளுக்கு.

மே 6, செவ்வாய்

மூன்று நாளாகத் தச்சரோடு மறுபடியும் வீடு வீடாக. ஒவ்வொரு விரிசலையும் எப்படிச் சரி செய்யலாம், எத்தனை நாள் ஆகும் என்று எழுதி எடுத்துப்போனால்தான் விசாரணையில் வாய் திறக்க முடியும். பெரும்பாலான விரிசல்களை இடிக்கவே வேண்டாம். குறுக்கே சின்னப் பள்ளம் வெட்டி, கம்பி வைத்து, சாந்து பூசிச் சுவரைத் தைத்துவிடலாம். தொழிலில் அதற்குத் தைப்பது என்றுதான் பெயர்.

ஏழு வீட்டில் கதவே திறக்கவில்லை. ஒரு வீட்டில் திறந்து, முகத்தைப் பார்த்து, மூடினார்கள். அந்த எட்டுக்கும் பழைய அளவுகளை வைத்தே எழுதினோம். ரேடியோக்காரர்தான், "வாங்க, இன்னும் என்ன மிச்சம் இருக்கு வரையறதுக்கு?" என்று உள்ளே விட்டார். அவருடைய கேலியே அன்றைக்கு உபசாரமாக இருந்தது.

தையற்கார அக்கா கதவைத் திறந்துவிட்டுத் தையல் இயந்திரத்தின் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். பீரோ பழையபடி சுவரோடு ஒட்டி இருந்தது. இந்த முறை அவள் எழுந்திருக்கவில்லை. நானும் தச்சரும் நகர்த்தினோம். அளந்துவிட்டு, திரும்ப ஒட்டி வைத்தோம். அதுவரை இயந்திரம் நிற்கவே இல்லை. கிளம்பும்போது சொன்னாள்: "நீங்க நல்ல எண்ணத்துலதான் பண்ணீங்க மேடம். அது எனக்குத் தெரியும். அதனாலதான் யாரைத் திட்டறதுன்னே தெரியலை."

மே 12, திங்கள்

விசாரணை இருபது நிமிடம். நீளமான மேசை. நெட்டை அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தான், 'ஆலோசகர்' என்று அட்டை வைத்து. என்னைப் பார்த்ததும் தண்ணீர்க் குவளையைப் பார்த்தான்.

அதிகாரி படத்தை விரித்து, "சிவப்பு போட்டது நீங்கதானே?" என்றார்.

"ஆமா சார். ஆனா சிவப்புன்னா –"

"ஆபத்துன்னு அர்த்தம். சின்னக் குழந்தைக்கும் தெரியும்."

"இல்ல சார். முதல்ல பழுது பார்க்கணும்னு அர்த்தம். படத்துலயே கீழ எழுதியிருந்தேன். உங்க நகல்ல அந்தப் பகுதியை விட்டுட்டுத்தான் எடுத்திருக்கீங்க."

அதிகாரி நகலைத் திருப்பிப் பார்த்தார். அசல் யாரிடம் இருக்கிறது என்று கேட்டார். நான் நெட்டையைப் பார்த்தேன். எல்லோரும் பார்த்தார்கள். அவன் எழுந்து, குழாயைத் திறந்து, படத்தை மேசையில் வைத்தான். அந்த ஒரு காரியத்துக்காக அவனை வெறுக்க முடியாமல் போயிற்று.

முப்பத்தொரு வீட்டுக்கும் எழுதியதைக் கொடுத்தேன். அதிகாரி கையால் எடை பார்ப்பதுபோல் தூக்கிப் பார்த்தார். "பார்க்கறோம்."

வெளியே படியில் வரிசைக்காரர்கள் காத்திருந்தார்கள். உள்ளே என்ன சொன்னேன் என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொன்னால் மன்னிப்புக்கு விண்ணப்பம் போடுவதுபோல் இருக்கும்.

ஜூன் 11, புதன்

ஒன்பது வீடுகளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். கிழக்கு ஓரத்தில் இருப்பவை. மீதி இருபத்திரண்டு போகிறது. அதில் தையற்கார அக்கா வீடும் உண்டு. ரேடியோக்காரர் வீடும்.

ஒன்பது. இது வெற்றியா? இவர் "ஒன்பது குடும்பம்" என்றார். நான் "இருபத்திரண்டு குடும்பம்" என்றேன். இரண்டு பேரும் சரியாகத்தான் எண்ணினோம்.

ஜூலை 8, செவ்வாய்

இன்று இடித்தார்கள். காலை எட்டு மணிக்குத் தொடங்கி மத்தியானத்துக்குள் முடித்துவிட்டார்கள். நாங்கள் நான்கு மாதம் அளந்ததை.

ரேடியோக்காரர் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார். நாற்காலியோடு தூக்கி வந்து தெருவில் வைத்தார்கள். அவருடைய சாமான் எல்லாம் ஒரு லாரியில், உதிரி பாகங்கள், வால்வுகள், கம்பிச்சுருள் எல்லாம் ஒன்றாக. "கலந்துட்டீங்களேடா... இனி எது எதுன்னு நான் எப்படிப் பிரிப்பேன்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அழவில்லை. நான்தான் அழுதேன், தச்சருடைய வண்டிக்குப் பின்னால் நின்று, யாருக்கும் தெரியாமல். தெரிந்தால் அவர்களுடைய துக்கத்தையும் நானே எடுத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடாதா.

ஜூலை 21, திங்கள்

ரேடியோக்காரர் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். வேறு ஊர். தச்சர் போனில் பேசினாராம். "அங்க ஒரு டி.வி. இருக்கு, அவ்வளவுதான்" என்றாராம்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

கிடங்கு திறப்பு. நான் போகவில்லை. தச்சர் போய்விட்டு நேராக இங்கே வந்தார். நல்ல கூட்டமாம், பூக்களாம், சுவர் நிறைய எங்கள் படங்களாம்.

"பட்டறையில யார் யார் இருக்காங்க?"

தச்சர் தலையைச் சொறிந்தார். அந்த ஒன்பது வீட்டுக்காரர்களில் நான்கு பேர் வந்திருக்கிறார்கள். மற்றவர்களில் பெரும்பாலும் புதுமுகம், பூட்டிக் கிடந்த மஞ்சள் வீடுகளில் குடிவந்து முகவரி வாங்கியவர்கள். தையற்கார அக்கா கேட்டிருக்கிறாள், ஜன்னலோரம் இருக்கும் அவள் இடத்தை. இப்போது அவள் முகவரி ஊருக்கு வெளியே ஒரு குடியிருப்பில். வரிசையில் முகவரி உள்ளவர்களுக்கு மட்டும் என்று விதி இருக்கிறதே! அவளே கை தூக்கிப் போட்ட விதி. நான் கை தூக்கிய விதி. காகிதத்தில் எழுதிக் கீழே எல்லோரும் கையெழுத்து வைத்த விதி.

நெட்டை விதியை மாற்ற முயற்சி செய்ததாகத் தச்சர் சொன்னார். "நிஜமாத்தான் முயற்சி பண்ணான்மா. இப்போ அவன் பேச்சு அங்க எடுபடறதில்ல." காரியம் முடிந்தபிறகு ஆலோசகர் எதற்கு.

செப்டம்பர் 6, சனி

நெட்டை வந்தான். குழுவை மூடிவிடலாமா என்று கேட்டான். அவன் கேட்டது எனக்கு ஆறுதலாக இருந்தது, அதுதான் துக்கம். மகள் எப்போதும்போல் "மாமா" என்று ஓடிப்போய் அவன் உயரத்தைக் கதவு நிலையோடு வைத்துப் பார்த்தாள். குனிந்துதான் வெளியே போனான்.

பதினாறு வருடம். ஒரு பக்கக் கடிதத்தில் முடிந்தது.

அக்டோபர் 12, ஞாயிறு

தச்சர் கூப்பிட்டார். பலகையின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டுமாம். எங்கே என்று கேட்டதற்கு, "வாங்க சொல்றேன்" என்றார். இரண்டு பஸ் மாறியபிறகுதான் சொன்னார். திரும்பிப் போகலாமா என்று ஒரு நிறுத்தம்வரை யோசித்தேன்.

ஊருக்கு வெளியே, நான்காவது மாடி. வீடு என்பது ஓர் அறை. தையல் இயந்திரத்தை வைத்தால் படுக்க இடமில்லை. ஆனால் மாடிப்படி முடியும் இடம் அகலமாக இருந்தது. எந்தப் பொறியாளர் கணக்குத் தப்பினாரோ. வடக்கு வெளிச்சம் வேறு. தையற்கார அக்கா அங்கேதான் இயந்திரத்தைப் போட்டிருந்தாள். பக்கத்தில் இன்னும் இரண்டு பெண்கள், அவரவர் இயந்திரத்தோடு. படியில் ஒருவர் பழைய மின்விசிறியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேலும் கீழும் போகிறவர்கள் அவரைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். யாரும் முணுமுணுக்கவில்லை.

அக்கா என்னைப் பார்த்தாள். வாங்க என்று சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை. நகர்ந்து வழி விட்டாள்.

தச்சரும் நானும் சுவரில் மடக்குப் பலகை ஒன்று மாட்டினோம், துணி வெட்ட. முடிந்ததும் என் கை தானாகவே பைக்குள் போய் நோட்டை எடுத்துவிட்டது. அளவுகளைக் குறிக்க. பழக்கம்.

"எழுதாதீங்க," என்றாள் அக்கா, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வைத்துவிட்டேன். பிறகு ஏதாவது பேச வேண்டுமே என்று, கீழே ஒரு சின்ன போர்டு வைக்கலாமா, புதிதாக வருகிறவர்களுக்குத் தெரியுமே என்று கேட்டேன்.

"வேணாம். பேர் வெச்சா தேடி வந்துடுவாங்க. தெரிய வேண்டியவங்களுக்குத் தெரியும்."

"அப்போ வேற என்ன வேணும்?"

நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு யோசித்தாள். "மேகம் மூடினா ஊசி தெரிய மாட்டேங்குது. ஒரு பல்பு இறக்கணும். நிழல் விழாம."

ஸ்டூல் மேல் ஏறினேன். தச்சர் சுவிட்சுப் பக்கம் நின்றார். வயரைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். இன்னும், என்றாள். இன்னும் கொஞ்சம். இடது பக்கம். போதும், அங்கேயே பிடிங்க.

பிடித்துக்கொண்டு நின்றேன்.